சிமிட்டும் போனும் சிமிட்டாத முனீராவும்

முனீரா சொன்னதுதான் சரி என்று என் வாயால் சொல்வதில்லை. புதுப் போன் வாங்கிய அன்றே எடுத்த முடிவு. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் அவளை மீறி வாங்கிய ஒரே பொருள் அதுதான். "இருக்கிறது நல்லாத்தானே இருக்கு, புதுசு எதுக்குலா?" என்றாள். கேட்கவில்லை. பழசைக் கடையிலேயே கொடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் புக்கிட் பாத்தோக்கில் ரயிலேறிப் போனைப் பார்த்தேன். அடுத்த ஸ்டேஷன் ஜூரோங் ஈஸ்ட் வருவதற்குள் கண் எரிந்தது. லிட்டில் இந்தியாவில் இறங்கும்போது தலைக்குள் யாரோ அம்மி கொத்தினார்கள். நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் பச்சைச் சேலை கேட்ட அம்மாளுக்கு நீலத்தை விரித்துக் காட்டினேன்.

திரை வெளிச்சத்தைக் குறைத்தேன். இன்னும் எரிந்தது. மேலும் குறைத்தேன். இமை துடிக்க ஆரம்பித்தது. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது, நடந்தால் போனைப் பார்க்கத் தோன்றியது. இப்படியே ஐந்து நாள்.

பக்கத்துக் கடையில் ஹனீபா மச்சான் இருக்கிறார். முனீராவுக்குப் பெரியப்பா மகன், அவள் 'நானா' என்று கூப்பிடும் அண்ணன். என் போனை வாங்கி மேசையில் வைத்து, தன் போன் கேமராவை அதற்கு நேராகப் பிடித்தார். திரை முழுக்கக் கறுப்புக் கோடுகள் ஓடின.

"பாத்தீங்களா மாப்ள, நொடிக்கு நூத்துக்கணக்குல அணைஞ்சு அணைஞ்சு எரியுது. நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஆனா சில பேருக்கு ஒத்துக்காது."

"நான்தான் வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சிருக்கேனே?"

"குறைச்சா இன்னும் மோசம்லா. அணைஞ்சிருக்கிற நேரம்தான் கூடும். பழைய மாதிரி திரை உள்ள போனாப் பாருங்க."

அப்படி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. முனீராவின் கையில். எனக்கு உடனே திட்டம் உதித்தது. நான்கு நாளில் அவளுக்குப் பிறந்தநாள். புதுசைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, பெரிய மனதோடு பழசை வாங்கிக்கொள்வது. கண்ணும் பிழைக்கும், மானமும் பிழைக்கும்.

நான்கு நாள் பொறுக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே நீட்டிவிட்டேன்.

"முனீரா, உன் பிறந்தநாள் பரிசு."

"அதுக்கு இன்னும் நாலு நாள் இருக்கே?"

"ஆசை தாங்கல."

"இது உங்க போனாச்சே. யாரும் தொடக்கூடாதுன்னீங்க."

"உன்னைவிட எனக்கு போன் பெருசா? உன் பழசை நான் வெச்சுக்கறேன். நீ நல்லா இருந்தா போதும்."

அவள் என்னையே பார்த்தாள். இமைக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நானே இமைத்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணுல என்ன?"

"வெங்காயம்."

"இன்னிக்கு வீட்டுல சமையலே இல்லையே. சாப்பாடு கடையில வாங்கினது."

கண்ணைக் கசக்கிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவள் விடவில்லை.

"ஹனீபா நானா மத்தியானமே போன் பண்ணிட்டாரு. உங்களைக் கண் டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாரு."

எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்தேன். அவள் வீட்டு ஆளிடமே போய் ரகசியத்தைக் கொட்டிய என்னை என்ன சொல்வது?

"பழசு வேணும்னா தரேன்," என்றாள். "பரிசெல்லாம் வேணாம். ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

"உங்களுக்கே தெரியும்."

தெரியும். மானம் தடுத்தது. ஆனால் கண் கெஞ்சியது. "நீ சொன்னதுதான் சரி," என்று முணுமுணுத்தேன்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்கு முதல்லயே தெரியும். குடும்ப குரூப்புல போடுங்க."

அவமானத்தில் காது சுட்டது. புதுப் போனை எடுத்து எழுத ஆரம்பித்தேன். இரண்டு எழுத்து தாண்டுவதற்குள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முனீராவின் முகம் மாறியது. என் கையிலிருந்து போனை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"பாவம், கண்ணை வருத்திக்காதீங்க," என்றாள்.

எனக்கு மனசு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் பதினாறு வருஷப் பந்தம் அல்லவா.

மைக்கை அழுத்திப் பிடித்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். "வாய்ஸ் மெசேஜாவே சொல்லிடுங்க."

முப்பத்தெட்டுப் பேர் கேட்டார்கள். மாமியார் இரண்டு தடவை கேட்டாராம்.