ஜாங்கிரி விழுங்கிய வேல்

இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை அந்த நாய்க்குட்டி இருக்க வேண்டும் என்று தேசப்பன் முடிவெடுத்தார். மனைவி பிரேமாவைக் கேட்கவில்லை. கேட்டால் நாய்க்குட்டிதான் இருக்கும்.

சாதாரணக் கோபம் இல்லை. பள்ளிப்பட்டிலிருந்து மச்சினன் சக்திவேல் கொண்டுவந்து, ஜாங்கிரி என்று பேரும் வைத்து, விட்டுவிட்டுப் போன சனியன் அது. இருபது நாளில் இரண்டு ஜோடி செருப்பு, மூக்குக் கண்ணாடிக் கூடு, அவருடைய ஜெராக்ஸ் கடையின் கரண்ட் பில் எல்லாம் காலி. நேற்று அவருடைய சீப்பு. ஐம்பத்துநாலு வயதிலும் கருகருவென்று காப்பாற்றி வரும் முடிக்கான சீப்பு. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

காலையில் தன் கழுத்துச் சங்கிலியிலிருந்து தங்க வேல் டாலரைக் கழற்றினார். மாமனார் போட்டது. தலைக்கு அடிக்கும் டை டப்பாவுக்குள் அதை ஒளித்தார். அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"உன் நாய் என் டாலரை முழுங்கிடுச்சு. கண்ணால பார்த்தேன். உன் தம்பிக்கு போன் போடு, வந்து தூக்கிகினு போவட்டும்."

பிரேமா தம்பிக்குப் போன் போடவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் போட்டாள். பேசிவிட்டு வந்து சொன்னாள்.

"வாந்தி எடுக்க வைக்கக் கூடாதாம். கூரா இருக்கறதால தொண்டையக் கிழிச்சிடுமாம். தானா வெளிய வருதான்னு பாக்கணும். வரலன்னா சாயந்தரம் எக்ஸ்ரே. உள்ள இருக்கறது அப்டியே தெரியுமாம்."

தேசப்பன் கணக்குப் போட்டார். இருப்பது தெரியும் என்றால் இல்லாததும் தெரியுமே.

"எக்ஸ்ரே எதுக்கு? உன் தம்பி வந்து..."

"எங்கப்பா போட்ட தங்கத்த வவுத்துல வச்சிகினு எப்டிங்க அனுப்பறது? நீங்க பின்னாடி போயி, அது எப்ப வெளிக்கி இருக்குதுன்னு பாத்துகினு இருங்க. குச்சி எடுத்துக்குங்க."

"நானா?"

"ஆங். டாலர் உங்களுதுதானே."

கடைக்கு லீவு. முருங்கை மரத்தடியில், உச்சி வெயிலில், கையில் குச்சியோடு நின்றார். ஜாங்கிரி அவரை விளையாடக் கூப்பிட்டது. குச்சியைக் கடித்தது. தூங்கியது. எழுந்து மறுபடி தூங்கியது. இருக்க வேண்டியதை மட்டும் இருக்கவில்லை. மூன்றரை மணிக்குத்தான் மனசு வைத்தது. அதே நேரம் வாசலில் எக்ஸ்ரேவுக்கான ஆட்டோ வந்து நின்றது.

பிரேமா ஆட்டோக்காரனிடம் பேசப் போன இடைவெளியில் தேசப்பன் உள்ளே ஓடினார். டாலரை எடுத்தார். திரும்ப ஓடிவந்தார். சுத்தமாக இருந்தால் அவள் நம்ப மாட்டாளே. பல்லைக் கடித்துக்கொண்டு, தன் கையாலேயே அதில் போட்டுப் புரட்டினார். அந்த நாயையும் மச்சினனையும் ஏழு தலைமுறைக்குத் திட்டினார்.

"கெடைச்சிடுச்சு."

பிரேமா தூரத்தில் தெரிந்த முருகன் கோயில் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "முருகா, கைவிடலப்பா. காலைலயே வேண்டிகினேங்க. டாலர் கெடைச்சா உங்களுக்கு மலைமேல மொட்டைன்னு."

"என் தலைய யாரைக் கேட்டு வேண்டிகினே?" தேசப்பன் குச்சியை வீசி எறிந்தார்.

"ஏங்க, அதுல கெடைக்கலியா? அப்ப எக்ஸ்ரேவுக்குப் போலாம். ஆட்டோ நிக்குது."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முடி இறங்கியது. தலையெல்லாம் சந்தனமும் வயிறெல்லாம் எரிச்சலுமாக வீட்டுக்கு வந்தார். ஜாங்கிரி யாரோ என்று நினைத்துக் குரைத்தது.

பிரேமா காபி டம்ளரை நீட்டினாள்.

"டை டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டேங்க. இனிமே டாலரை ஒளிச்சு வைக்க வேற எடம் பாத்துக்குங்க."