‘போங்க’ என்று சொன்ன முகாமையாளர்

எனக்குக் கூடைப்பந்து தெரியாது. இதை எண்பதுகளின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தால் பலருக்கு நன்மையாக இருந்திருக்கும். அப்போது நான் கல்முனையில் எங்கள் கழக அணியின் முகாமையாளர். விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது; எனக்கு ஆங்கிலம் வரும் என்று ஊர் நம்பியது. தகுதி அவ்வளவுதான். (ஊர் நம்பியதை நானும் நம்பிவிட்டேன்.)

மட்டக்களப்பு அணியோடு இறுதிப் போட்டி. ஐந்து பேர் ஆட, ஓரத்து வாங்கில் மாற்று ஆட்டக்காரராக உட்கார இருவர். ஒருவன் யோகன், காரைதீவிலிருந்து ஒருநாள் தவறாமல் சைக்கிள் மிதித்துப் பயிற்சிக்கு வந்தவன். மற்றவர் நசீர் மச்சான். என் மூத்த சகோதரியைக் கல்யாணம் முடித்து ஒரு கிழமைதான். அந்த வருடம் முழுக்க இருவரும் வாங்கைத்தான் தேய்த்தார்கள்.

இறுதிப் போட்டியிலாவது யாரை இறக்குவது? மூன்று நாள் விவாதம்.

“யோகனத்தான் இறக்கணும். மழைக்கும் வந்தவன் அவன்” என்றான் அணித் தலைவன் றபீக்.

வீட்டில் உம்மா சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கதைத்தார். “புது மாப்பிள்ளைட ஊட்டாக்கள் எல்லாம் பாக்க வாறாங்க. அவர வாங்கில குந்த வெச்சிட்டு இந்தப் பக்கம் வந்திராத மனே.”

இருவரிடமும் “ஓம்” என்றேன்.

கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம். றபீக் கால் பிசகி விழுந்தான். மற்றவர்கள் தூக்கிக்கொண்டு வரும்போதே அவன் “யோகன்!” என்று கத்தினான். மதிலோரம் நின்ற வாப்பா “நசீர்!” என்று கத்தினார். நடுவர் என்னைப் பார்த்தார். நான் வாங்கைப் பார்த்தேன்.

“போங்க” என்றேன்.

யோகனிடம் மட்டும் என்றால் ‘போ’ என்றிருப்பேன். மச்சானுக்கு மரியாதையாகச் சொன்னேனா, இருவருக்கும் சேர்த்துச் சொன்னேனா? இன்றுவரை எனக்கே தெரியாது. இருவரும் எழும்பி ஓடினார்கள்.

பந்து மச்சானின் கையில் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். அல்லாஹ்வே, கூடைக்குள் போய்விட்டது! மாப்பிள்ளை வீட்டார் துள்ளினார்கள். நான் யாரையோ கட்டிப்பிடித்தேன். (எதிரணியின் முகாமையாளராம்.)

விசில் சத்தம் கேட்டது.

“அஞ்சு பேர் ஆடுற ஆட்டம் இது. ஆறு பேர் நிக்கிறீங்க” என்றார் நடுவர். புள்ளி போயிற்று. “ஒராள வெளிய கூப்பிடுங்க.”

யாரை? றபீக் முறைக்கிறான், வாப்பா முறைக்கிறார். நான் நடுவில் எங்கோ பார்த்து, “வாங்க” என்றேன்.

“நீங்க ஆடுங்க அண்ணன்” என்று யோகன் திரும்பினான்.

“சீச்சீ, நீ நில்லு தம்பி” என்று மச்சானும் திரும்பினார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வந்து என் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். நடுவருக்குப் பொறுமை போய்விட்டது, ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். மைதானத்தில் ஏதோ குறைகிறதே என்று நான் யோசித்து, நாலு பேரை இரண்டாம் தடவை எண்ணி முடிக்கும்போது ஆட்டமும் முடிந்திருந்தது. ஒரு புள்ளியால் தோற்றோம்.

உம்மா சோறு தந்தார். இரண்டு நாள் கதைக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ‘வாங்க’ என்று மட்டும் சொல்ல எனக்கு அனுமதியில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். போன பெருநாளன்று மறந்துவிட்டேன். முன்னறையில் மச்சானும், பெருநாள் சாப்பாட்டுக்கு வந்திருந்த யோகனும் இருந்தார்கள். வாசலில் நின்று, “சாப்பிட வாங்க” என்றேன்.

இருவரும் அசையவில்லை.

“ஆரு, நானா அவனா?” என்று கேட்டார் மச்சான். “ஒழுங்காச் சொல்லு. ரெண்டு பேரும் எழும்பினா மறுகா நீதான் கொழம்புவாய்.”