ஃபிளாஸ்க் மூடிக்கு இருபதுக்கு இருபது

ஸ்லெட்பி வட்டாரப் புகைப்படக் கழகத்தின் நோக்கம், அதன் சட்டதிட்டங்களின் முதல் பக்கத்தில் கண்டுள்ளபடி, "இவ்வட்டாரத்தில் ஒளிப்படக் கலையை வளர்ப்பதும் உறுப்பினர்களிடையே நல்லெண்ணத்தைப் பேணுவதும்" ஆகும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டதால், ஒரு செவ்வாய் போட்டி, அடுத்த செவ்வாய் சொற்பொழிவு என்று பிரித்துக்கொண்டோம். கூடுமிடம் மெதடிஸ்ட் சர்ச் ஹால். நான் கழகத்தின் செயலாளர்.

போட்டிக்கு வரும் நடுவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் என்றால் எந்தப் படம் யாருடையது என்று தெரிந்து நியாயம் கெட்டுவிடும். படம் எடுத்தவர், தன் படம் மேடையில் இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது. இருமக் கூடாது. பெருமூச்சும் கூடாது, பெருமூச்சு விட்டே இரண்டு மதிப்பெண் கூடுதலாக வாங்கியவர் எங்களிடம் இருந்தார். மதிப்பெண் இருபதுக்கு. ஆனால் பதினாலுக்குக் கீழே போடுவது மனதைப் புண்படுத்தும் என்பதால் யாருக்கும் போடுவதில்லை. ஆகவே எங்களிடம் பதினாலு என்றால் பூஜ்யம்.

பதினோராம் விதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அச்சுப் படமும் அதன் மூலப் பிலிமும் ஒன்றுக்கொன்று எள்ளளவும் வேறுபடலாகாது என்பது அந்த விதி. ஒருவர் ஒரே வாத்தை வெட்டி ஒட்டி மூன்று குளங்களில் நீந்தவிட்டுப் பரிசு வாங்கியதால் வந்தது. அச்சில் ஓரத்தை வெட்டினால் பிலிமிலும் அதே ஓரத்தை வெட்டிவிட வேண்டும். உலகத்தில் வேறெந்தக் கழகத்திலும் இப்படி ஒரு விதி கிடையாது. அதை எழுதியவன் நான்தான்.

இடைவேளையில் டீ உண்டு, எலுமிச்சை கேக் உண்டு. இரண்டையும் செய்வது டோரீன் பிளகெட். அவள் உறுப்பினர் அல்ல. அவளுடைய கணவர் நார்மன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், உறுப்பினர். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. டீ அதன் வழியாகத்தான் வரும். உள்ளதைச் சொன்னால், கலைக்காக வருகிறவர்களும் கண்ணை அந்த ஜன்னல் மேலேயேதான் வைத்திருப்பார்கள்.

இந்தப் பருவத்தின் முதல் சொற்பொழிவுக்கு மிஸ்டர் ஆம்புரோஸ் பிம் வந்தார். பெயருக்குப் பின்னால் பெயரைவிட நீளமாகப் பட்டங்கள் உள்ளவர். தலைப்பு: "குறைத்தலே கலை." முதல் படத்தைப் போட்டார். பனிமூட்டத்தில் ஒரு கம்பம்.

"இதுல என்ன தெரியுது?" என்றார்.

"கம்பம்," என்றார் எங்கள் தலைவி பெரில் அம்மையார்.

"சரி. அடுத்த வருஷம் அதே எடத்துக்குப் போனேன்." அடுத்த படத்தில் பனி மட்டும் இருந்தது. "கம்பத்தையும் தாண்டிட்டேன்."

ஹால் முழுக்க ஒரு "ஆகா" எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "இதுக்கு என்ன லென்ஸ் போட்டீங்க?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"போடல," என்றார் பிம்.

அதற்கப்புறம் யாருக்கும் கேள்வி இல்லை.

மறுநாளே ஊரில் குறைத்தல் ஆரம்பித்துவிட்டது. பெரில் அம்மையார் வரவேற்பறையிலிருந்த சோபாக்களை அகற்றினார். வந்தவர்கள் நின்றுகொண்டே அவர் ரசனையைப் பாராட்டினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. கூட்ட அறிவிப்பில் நாள், நேரம், இடம், பொருள் என்று நாலு வரி எழுதுவது வழக்கம். அதை "செவ்வாய்" என்ற ஒரே சொல்லாகக் குறைத்தேன். பாதிப் பேர் எங்கே வருவது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். ஆனாலும் அறிவிப்பு மிகவும் ஆழமாக இருந்ததாகச் சொன்னார்கள்.

கோப்பைக்கான போட்டி நாலு சுற்று, ஒரே படத்தையே நடுவர் சொன்னபடி திருத்தித் திருத்திக் கொடுக்கலாம். முதல் சுற்றுக்கு நார்மன் ஒரு படம் கொடுத்தார். தலைப்பு "நாற்பது வருஷம்." அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாளன்று ஸ்கெக்னஸ் கடற்கரையில் எடுத்தது. கேமராவைக் கல்மேல் வைத்து, தானாக எடுக்கும்படி முடுக்கிவிட்டு நார்மன் ஓடி வருகிறார். ஒரு ஷூ ஈர மணலில் மாட்டிப் பின்தங்கிவிட்டது. அவரைப் பார்த்து அவர்கள் நாய் பிஸ்கட் குரைக்கிறது. நடுவில் டோரீன், மழைக்கோட்டோடு, வாய்விட்டுச் சிரிக்கிறாள். முன்னால் விரிப்பின்மேல் ஃபிளாஸ்கின் சிவப்பு மூடி, அதில் டீ.

படத்தை என்னிடம் கொடுக்கும்போதே டோரீன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "பத்திரம். நான் நல்லா சிரிச்ச படம் எனக்கு அது ஒண்ணுதான். பல்லு தெரியுதேன்னு மத்த எல்லாத்துலயும் வாய மூடிக்கிட்டேன். போட்டி முடிஞ்சதும் கணப்புக்கு மேல மாட்டணும்."

"மாட்டிடலாம், மாட்டிடலாம்," என்றார் நார்மன். "பெருசா போட்டுத் தரேன்."

நடுவராக வந்த அம்மாளிடம் 'ட' மாதிரி வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகள் இருந்தன. எல்லா நடுவர்களிடமும் அவை இருக்கும். படத்தின்மேல் இரண்டையும் வைத்து, வேண்டாததை மறைத்துக் காட்டுவார்கள்.

"நல்ல படம்தான்," என்றார் அந்த அம்மாள். "ஆனா வலது ஓரத்துல ஒரு ஆள் ஒத்தச் செருப்போட ஓடியாராரே, யாரு இவரு? இவரு எதுக்கு இங்க?"

நார்மன் மூன்றாவது நாற்காலியில் மப்ளரைக் கடித்துக்கொண்டு விதிப்படி உட்கார்ந்திருந்தார்.

"அது என் புருஷன்!" என்று ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது.

அநாமதேயம் குலைந்துவிட்டதே! அன்றிரவே செயற்குழு கூடி, தீர்ப்பு நேரத்தில் ஜன்னலைச் சாத்தி வைப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தது. படத்துக்குப் பதினைந்து.

"அந்த ஆள எடுத்துட்டா பதினாறு," என்று நடுவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

நார்மன் தன்னைத்தானே வெட்டி எறிந்தார். அச்சில் முதலில், பிறகு என் கண்முன்னே பிலிமில். வெட்டிய துண்டு ஹால் குப்பைக் கூடைக்குள் போயிற்று. "எனக்கென்ன, கண்ணாடியில பாத்துக்கிறேன்," என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கலைஞன் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இரண்டாம் சுற்றில் வந்தவர் நாயிடம் நின்றார். "நாய் படத்துக்கு வெளிய பாத்துக் குரைக்குது. அங்க யாரு இருக்கா? ஒருத்தரும் இல்ல. நம்ம கண்ணும் அதுகூடயே வெளிய ஓடிடுது." பதினாறு.

பிஸ்கட்டும் கூடைக்குப் போனது.

மூன்றாம் நடுவர் கணக்குத் தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். அட்டைகளை வைக்காமலே வெகுநேரம் பார்த்தார். "இந்த அம்மா எதப் பாத்து சிரிக்கிறாங்க? எதிர்ல ஆளில்ல, பேரில்ல. இது காரணம் காட்டப்படாத சிரிப்பு. ஆனா கீழ பாருங்க, ஒரு மூடி. செவப்பு. அமைதி." டோரீனையும் அவளுக்குப் பின்னாலிருந்த கடலையும் அட்டைகளால் மறைத்தார். "இதோ, இதான் படம். இப்போதைக்குப் பதினெட்டு. வெட்டினா இருபதுக்குத் தாராளமா வரும்."

எங்கள் கழகத்தில் இருபது யாரும் வாங்கியதில்லை. கோப்பை வருஷா வருஷம் பத்தொன்பதுக்கே போய்க்கொண்டிருந்தது.

அன்று ஹால் சாவியை வாங்கச் சமையலறைக்குப் போனேன். டோரீன் கப் கழுவிக்கொண்டிருந்தாள். நார்மன் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"நீ உன்ன வெட்டிக்கிட்ட, சும்மா இருந்தேன்," என்றாள் டோரீன். "பிஸ்கட்ட வெட்டின, அதுக்குத் தெரியவா போவுதுன்னு விட்டேன். இப்ப யாரு முறை, நார்மன்?"

"நான் இன்னும் முடிவு பண்ணல டோரீன்."

"முடிவு பண்ண என்ன இருக்கு? ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் பொண்டாட்டி."

"இருபது, டோரீன். இந்த ஊர்ல யாரும் வாங்கினதில்ல. முப்பது வருஷமா பஸ்ஸு ஓட்டினேன், ஒருத்தனும் நல்லா ஓட்டினேன்னு சொன்னதில்ல."

அவள் கடைசிக் கப்பை அவர் கையில் கொடுத்தாள். "நான் சொல்லியிருக்கேன். நீதான் மார்க்கு கேக்கல."

மறுநாள் நார்மன் என் வீட்டுக்கு வந்தார். பிலிமை உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தார். "அச்ச மட்டும் வெட்டிட்டு பிலிம அப்படியே விட முடியாதா? டோரீன் இருக்கா அதுல."

எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு பெண்டாட்டிக்காக விதியைத் தளர்த்தினால் கழகம் என்னத்துக்கு ஆவது? "பதினோராம் விதி, நார்மன்," என்றேன். "எழுதினவனே மீறலாமா?"

என் மேஜையில் கத்தரிக்கோல் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பிலிமை வெட்டினார். அச்சை ஹாலில் வெட்டினார். அந்தத் துண்டுகளும் கூடைக்குப் போயின.

இறுதிச் சுற்றுக்கு மிஸ்டர் பிம்மே நடுவராக வந்தார். தலைப்பையும் குறைத்து "மூடி" என்று வைத்திருந்தோம். ஒரு பெரிய வெள்ளை அட்டையின் நடுவில், உள்ளங்கையளவு படம். பிம் அதைத் தனி மேஜைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பிடித்த படத்தை அப்படித்தான் நிறுத்துவார்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இதுல மூடி மட்டுமா இருக்கு? எனக்கு இதுல ஒரு ஆள் தெரியறாரு. ஓடி வராரு. அவசரம். ஒரு செருப்பக்கூட விட்டுட்டு வராரு போல. ஒரு நாய் குரைக்கிறது கேக்குது. எங்கயோ ஒரு பொம்பள, வாய்விட்டு, வெக்கமே இல்லாம சிரிக்கிறா. இவங்க ஒருத்தரும் படத்துல இல்ல. அதான் கலை. இருபது."

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நார்மன் மட்டும் எழுந்திருக்கவில்லை. கோப்பையை அவர் மடியில்தான் வைக்க வேண்டியிருந்தது. அழுகிறாரோ என்று பார்த்தேன், அழுதார்தான். வெற்றிக் களிப்பு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஜன்னல் திறந்தது. டோரீன் தட்டுத் தட்டாகக் கப்புகளை நீட்டினாள். ஒவ்வொன்றும் பளபளவென்று கழுவி, துடைத்து, காலியாக இருந்தது.

"பாலு கவனத்தக் கெடுத்துச்சு, எடுத்துட்டேன்," என்றாள். "சக்கரையும் அப்படியே. அப்புறம் டீத்தூள் எதுக்குன்னு தோணிச்சு. கடைசியா தண்ணி. எல்லாரும் எடுத்துக்கங்க."

பிம் ஒரு கப்பை எடுத்தார். உள்ளே பார்த்தார். உதட்டில் வைத்து ஒரு வாய் உறிஞ்சினார்.

"என்ன சுத்தம்!" என்றார். "நாக்குல ஒண்ணுமே தங்கல."

அவ்வளவுதான், எல்லோரும் பாய்ந்து எடுத்துக்கொண்டார்கள். பெரில் அம்மையார் காலித் தட்டிலிருந்து இரண்டு விரலால் எதையோ எடுத்து வாயில் போட்டு, "கேக்கும் பிரமாதம்," என்றார். நான் இரண்டாவது கப்பும் கேட்டு வாங்கினேன். முதலாவதைவிட அது கொஞ்சம் திடமாக இருந்தது.

நார்மன் தன் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டோரீன், இதுல டீ இல்லையே?" என்றார்.

பதினாலு வாங்கினவரைப் பார்ப்பதுபோல அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"அப்பாடா," என்றாள் டோரீன். "பஸ்ஸு ஓட்டின கண்ணு. இன்னும் தெரியுது."

பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். குப்பைக் கூடையைக் கொட்டுவதும் அவள் வேலைதான் என்பதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. ஒற்றைச் செருப்போடு நார்மன், பிஸ்கட், கடல், சிரிக்கிற டோரீன், எல்லாவற்றையும் செல்லோடேப்பால் ஒட்டியிருந்தாள். கீழே நடுவில் உள்ளங்கையளவு ஓட்டை. நார்மன் எழுந்துபோனார். இருபது மதிப்பெண் பெற்ற கலைப்படைப்பை வெள்ளை அட்டையிலிருந்து பிய்த்து எடுத்து அந்த ஓட்டையில் வைத்தார். சரியாகப் பொருந்தியது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "நார்மன்! பிலிம்ல மூடி மட்டும்தான் இருக்கு. அச்சுல ஆளு, நாயி, கடல் எல்லாம் இருக்கு. பதினோராம் விதிப்படி படம் தகுதி இழந்துடும்!"

"இழந்தா எத்தன மார்க்கு?"

"பதினாலு."

"போதும்," என்றார். கோப்பையை என் கையில் திணித்துவிட்டு டோரீனின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

சர்ச் வாசல் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பிஸ்கட்டை அங்கேதான் கட்டியிருந்தார்கள். டோரீன் பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்துச் சிவப்பு மூடியில் டீ ஊற்றினாள். படத்தைக் காட்டி நார்மன் ஏதோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். டீ வாசனை தெருப்பக்க ஜன்னல் வழியாக ஹாலுக்குள் வந்தது. கவனத்தைச் சிதறடிக்கிறது என்று மிஸ்டர் பிம் சொன்னதால் நான் போய் அந்த ஜன்னலையும் சாத்தினேன்.

பிளகெட் தம்பதியர் அதற்குப் பிறகு கழகத்துக்கு வருவதில்லை. டீப் பொறுப்பை நானே ஏற்றிருக்கிறேன். ஒவ்வொரு செவ்வாயும் கப்புகளைப் பரிமாறி, திரும்ப வாங்கி, இரண்டு தரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். பொதுவாகத் திருப்தி நிலவுகிறது. போன வாரம் மட்டும் ஓர் உறுப்பினர், டீ சூடாக இல்லை என்று எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறார். அது செயற்குழுவின் பரிசீலனையில் உள்ளது.