இரண்டாவது சோற்றுப் பொதி

புதிதாகப் படித்து முடித்தவனைப் போல ஆபத்தானவன் வேறு யாருமில்லை. யுத்தம் முடிந்த கையோடு விவசாயப் பட்டம் பெற்ற நான், அப்படியொரு ஆபத்தாகத்தான் கிழக்குக் கரையோரக் கிராமமான கதிரவெளியில் போய் இறங்கினேன்.

மீளக்குடியேறியவர்கள் மழையை நம்பி மேட்டுக் காணிகளில் சோளன் போட்டிருந்தார்கள். ஒரு காணிக்குள் எவ்வளவு சக்தி போகிறது, எவ்வளவு சோளனாகத் திரும்பி வருகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. உழவு மெஷினின் டீசல், உரம், மனித உழைப்பு எல்லாம் படிவத்தில் வரவேண்டும். மனிதனுக்கு டீசல் சோறுதானே? ஆகவே சமையலறைத் தராசு ஒன்றுடன் காணி காணியாகப் போய், அவரவர் மத்தியானச் சோற்றை நிறுத்துப் பார்த்தேன். (ஒருவரும் அடிக்கவில்லை. நல்ல சனங்கள்.)

மலர் அக்காவின் காணிக்கு மெஷினே வரவில்லை. தனியாளாக மம்பட்டியால் கொத்தி விதைத்திருந்தார். அவர் வீட்டைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. மீன்பிடிக்க வன்னிப் பக்கம் போன கணவர் சண்டைக்குள் அகப்பட்டு, அதன்பின் தகவலே இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்கவில்லை. நான் கண்டது ஒன்றைத்தான்: அவர் தினமும் இரண்டு சோற்றுப் பொதி கொண்டுவருவார், ஒன்றைச் சாப்பிடுவார். மற்றது பின்னேரம் நாய்க்குப் போகும்.

அறுவடை முடிந்ததும் மரத்தடியில் கூட்டம். மேலதிகாரியும் ஊரும் பார்த்திருக்க, கரும்பலகையில் சிவப்புச் சோக்கால் கோடு கீறி முழங்கினேன்.

“ஆகக் குறைந்த சக்தியில் நல்ல விளைச்சல் எடுத்தவர் மலர் அக்கா. ஒரேயொரு குறை. வேலை செய்வது ஒருவர், சோறு இரண்டு பேருக்கு. இது சக்தி விரயம்!”

கைதட்டலுக்காகக் காத்து நின்றேன். மலர் அக்கா மெல்ல எழும்பினார்.

“தம்பி, அவரு வந்தா பசியோடதானே வருவாரு? வந்தாப் பொறகா அடுப்பு மூட்டுற?”

சோக் கைதவறி விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. காலடியில் கிடந்த சோக்கை மரத்தின் மறுபக்கம் வரை போய்த் தேடினேன்.

மறுநாள், தராசை விட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்கப் போனேன். பாடமாக்கிய வசனத்தில் “அக்கா, நான்...” என்ற அளவில் நின்றபோது, இரண்டாவது பொதியை நீட்டினார்.

“இண்டைக்கு நேரம் போயித்து. இனி வரமாட்டாரு. நீங்க தின்னுங்க. நிறுக்காமத் தின்னுங்க.”

மாங்காய் போட்ட மீன் குழம்பு. கணவருக்குப் பிடித்த புளிப்பாம். எனக்குப் பல் கூசும் புளிப்பு, ஆனாலும் விடாமல் தின்றேன். வீதியில் பஸ் சத்தம் கேட்டபோது அக்காவின் கை சோற்றில் அப்படியே நின்றது. அடுத்த பஸ்ஸுக்கு என் கையும் நின்றது.

இப்போது ஒவ்வொரு அறுவடைக்கும் குடும்பத்தோடு போகிறோம். “என்ட சோத்த நிறுத்துப் பார்த்த சேர் இவருதான்” என்று அயலவர்களுக்கு என்னைக் காட்டுவார். கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லி என் பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பார்கள். அவரும் சொல்வார், நான் சோக் தேடியதைக் குனிந்து நடித்தே காட்டுவார். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா சொல்வார்:

“அவரு வந்தா இதச் சொல்லோணும். நல்லாச் சிரிப்பாரு.”