நன்றியுரையில் வந்த மாப்பிள்ளை

ஆய்வேடு என்று ஒன்றை எழுதினால், அதில் எல்லோரும் படிக்கிற பக்கம் நன்றியுரை ஒன்றுதான். மற்ற பக்கங்களை எழுதியவரே இரண்டாம் முறை திறப்பதில்லை. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் முனைவர் பட்டம் வாங்கக் கிளம்பியவள் நான்.

என் தலைப்பு என்ன தெரியுமா? கல்லூரி மாணவர்கள் ஏன் காப்பி அடிக்கிறார்கள் என்பதன் உளவியல். (சிரிக்காதீர்கள், கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.) கடலூரிலும் சிதம்பரத்திலும் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி, பிட் அடித்த பிள்ளைகளைக் கெஞ்சிக் கூத்தாடிப் பேசவைத்து, ஒவ்வொரு வரியையும் நானே எழுதினேன். நன்றியுரையைத் தவிர.

ஆய்வேடு ஆங்கிலத்தில். இந்த ஒரு பக்கமாவது அப்பா படிக்கிற மாதிரி தமிழில் இருக்கட்டும் என்று எனக்கு ஆசை. அப்பா தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருப்பவர். எட்டாவதோடு நிறுத்தினாலும் தமிழ்ப் பேப்பரை விளம்பரம் உட்பட விடாமல் படிப்பவர். ஆனால் நான் எழுதியதெல்லாம் லீவ் லெட்டர் மாதிரியே வந்தது. எனக்கு முன்னால் பட்டம் வாங்கிய புவனகிரி அமலா அக்காவிடம் புலம்பினேன். அவர் தன்னுடைய பக்கத்தையே அனுப்பிவைத்தார்.

"இத வெச்சிக்கோடி. எல்லாரும் இப்புடித்தான் பண்றாங்க. நன்றி சொல்றதுல என்னா காப்பி?"

எனக்கு ஒரே குழப்பம். நன்றியைக் காப்பி அடித்தால் அது காப்பியா, இல்லையா? "எல்லாரும்தான் பண்றாங்க" என்று பிள்ளைகள் தங்களையே சமாதானப்படுத்திக்கொள்வதைப் பற்றி என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. அதை எழுதிய அதே கையால் அமலா அக்காவின் பக்கத்தைச் சேர்த்தேன். எங்கள் இருவருக்கும் வழிகாட்டி ஒரே மேடம் என்பதால் அந்தப் பெயரைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அடியில் என் பெயரைப் போட்டுவிட்டுப் படித்தேன், கண் கலங்கிவிட்டது. (அவ்வளவு உருக்கமான தமிழ். கலங்கிய கண்ணுக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது.) மேடம் தன் பெயர் வரும் முதல் பத்தியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சிதம்பரத்தில் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அப்பாவும், அம்மாவின் தம்பியான என் மாமாவும் கேசரி, வடை சகிதம் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கடைசி வரிசையில் உட்காரவைத்து, அப்பா கையில் ஒரு பிரதியைக் கொடுத்தேன்.

"தமிழ்ல ஒரு பக்கம் இருக்குப்பா, படிச்சுப் பாரு."

நான் திரையில் படம் போட்டுப் பேச ஆரம்பித்தேன். அப்பா உதடு அசைய அசையப் படிப்பது தெரிந்தது. முதலில் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் அது நின்றுபோனது. மாமாவிடம் காட்டினார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். என் ஆய்வு மனிதர்களை இவ்வளவு பாதிக்கிறதே என்று எனக்குள் ஒரு பூரிப்பு.

"சபையில யாராவது கேள்வி கேக்கலாம்" என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர்.

அப்பா எழுந்தார். "ஜெயசீலன் யாரும்மா?"

எந்த ஜெயசீலன்? உளவியலில் அப்படி ஓர் அறிஞர் இருக்கிறாரா? இருந்தாலும் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? தேர்வாளர் வேறு பேனாவைத் திறந்துவிட்டார். தெரியாது என்று சொன்னால் பட்டம் போச்சு என்று என் மரமண்டைக்குத் தோன்றியது.

"ரொம்ப முக்கியமானவருப்பா. அவரு இல்லாம இந்த ஆய்வே இல்ல."

அப்பா முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "எத்தினி வருசமா?"

"ஆரம்பத்துலேருந்தே."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா?" என்றார் மாமா.

"இதுல இடம் பத்தல மாமா. அடுத்த கட்டத்துல அவர விரிவா எடுத்துக்கலாம்னு இருக்கேன்."

"அப்ப அந்த மாமியாரு?" அப்பாவின் குரல் உடைந்தது. "பெத்த மகளாட்டம் பாத்துக்கறாங்களாமே! எங்க வூட்டுல இருந்துக்கினே எப்பம்மா இதெல்லாம் நடந்துச்சி?"

மாமியார் என்று ஏதாவது கோட்பாடு இருக்கிறதா என்று அப்போதும் நான் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேடம்தான் போய் அந்தப் பிரதியை வாங்கிப் பார்த்தார். "'என் அன்புக் கணவர் ஜெயசீலனின் பொறுமைக்கும்...' ஐயையோ, இவரு அமலாவோட வீட்டுக்காரராச்சே!"

அறையே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப இவளுக்குக் கல்யாணம் ஆவலிங்களா?"

"இல்லைங்க. காப்பி அடிச்சிருக்கா."

"அவ்ளோதானா!" என்று அப்பா பொத்தென்று உட்கார்ந்தார். மகள் காப்பி அடித்தாள் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட தகப்பன் தமிழ்நாட்டிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தேர்வாளருக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. "காப்பியைப் பத்தின ஆய்வேட்டுலயே காப்பியா?" என்றார். காப்பியைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் சோதனையில் நன்றியுரையைச் சேர்ப்பதில்லை என்று மேடம் மெல்லச் சொன்னார். தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "இத்தன வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்களே, நீங்களே சொல்லுங்க. இது திருட்டா, இல்லையா?"

பட்டம் கைநழுவிப் போகிறது என்று தெரிந்தது, பதில்தான் தெரியவில்லை.

"தெரியல சார்."

"இந்தத் 'தெரியல'ய அப்பவே உங்கப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அந்தப் பக்கத்தைச் சொந்தமாக எழுதிக் கொடுத்தால்தான் பட்டத்துக்குப் பரிந்துரை என்று முடித்தார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். லீவ் லெட்டர் மாதிரிதான் இருந்தது. பட்டம் கிடைத்துவிட்டது.

சில வருடங்கள் கழித்து எனக்கு நிஜமாகவே கல்யாணம் நடந்தது. மேடையில் அப்பா, "இவருதான் ஒரிஜினலு" என்று சொல்லித்தான் மாப்பிள்ளையைச் சொந்தக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தினார். இப்போதும் கணவரோடு சண்டை போட்டுவிட்டு நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போன் செய்தால், அப்பா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்பார். கேட்டுவிட்டு, ரொம்ப அக்கறையாக ஒரு சந்தேகம் கேட்பார்:

"எந்த மாப்ளகூடம்மா?"