அகழி தன் கடமையைச் செய்கிறது

எங்கள் சஃபோக் பக்கத்தில் பழைய பண்ணை வீடு என்றால் சுற்றிலும் அகழி இருக்கும். அந்தக் காலத்தில் எங்களைத் தாக்க யாரும் வரவில்லை. வந்தாலும் டர்னிப் கிழங்கைத் தவிர எடுத்துப்போக ஒன்றுமில்லை. பிரபு வெட்டினார், அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரனும் வெட்டினான். வரலாறு அவ்வளவுதான்.

அப்படி ஒரு வீட்டுக்காரர்தான் கிளெமென்ட். ஒருநாள் சந்தைக்குப் போய்த் திரும்பினால் பாலத்தைக் காணோம். உளுத்துப்போய் அகழிக்குள் விழுந்து கிடந்தது. அக்கரையில் மனைவி டோர்கஸும் சாப்பாடும். இக்கரையில் இவரும் பசியும்.

அகழிக்குக் குறுக்கே பலகை ஒன்றைப் போடப் போனார். தொல்சின்னப் பாதுகாப்பு அலுவலகத்து மிஸ் ஆல்டர்டன் அதற்குள் வந்துவிட்டார்.

“பலகையக் கீழ வைங்க. இது பாதுகாக்கப்பட்ட சின்னம்.”

“சின்னத்துக்கு நடுவுலதான் மேடம் என் வீடு இருக்கு!”

“அகழி எதுக்கு வெட்டுவாங்க?”

“வெளியாள் உள்ள வராம இருக்க.”

“இப்ப நீங்க எங்க நிக்கிறீங்க?”

“வெளியில.”

“அப்போ அகழி தன் கடமையைச் செவ்வனே ஆற்றுது. அதுல தலையிட எங்களுக்கே அதிகாரம் இல்ல.”

“நீந்திப் போறேன்.”

“சேறு கலங்கும். அது பதிமூணாம் நூற்றாண்டுச் சேறு.”

டோர்கஸ் தகர டப்பாவில் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்து வீசப் பார்த்தாள். அதற்கும் தடை.

“டப்பா உள்ள விழுந்தா, பின்னால ஆராய்ச்சி பண்றவங்க குழம்பிடுவாங்க. பிரபுக்கள் தகரத்துல சாப்பிட்டாங்கன்னு புத்தகமே போட்டுடுவாங்க.”

கிளெமென்ட் வைக்கோல் கொட்டகையில் படுத்து, எங்கள் வீடுகளில் மாற்றி மாற்றிச் சாப்பிட்டார். பாவம், இளைத்துத்தான் போனார். அறுவடை முடிந்த பிறகு அனுமதி வந்தது: ஆணி அடிக்காத ஓக் மரப் பாலம், கையால் செதுக்கியது. பாலம் போடுவதை வேடிக்கை பார்க்க ஊரே திரண்டோம்.

மிஸ் ஆல்டர்டன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “தீவுவாசி எவருக்கேனும் ஆட்சேபணை உண்டா?”

“எனக்கு உண்டு!” என்றாள் டோர்கஸ், அக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி.

“டோர்கஸ்!” என்று இக்கரையிலிருந்து கத்தினார் கிளெமென்ட்.

“சும்மா இருங்க. கல்யாணமாகி இப்பத்தான் டீயச் சூடா குடிக்கிறேன். பூட்ஸோட சமையலறைக்குள்ள வர ஆளில்ல. இன்னொரு காலுறை எங்கன்னு கத்த ஆளில்ல. பாலத்துக்கு என்ன அவசரம்?”

ஆட்சேபணை முறைப்படி ஏற்கப்பட்டது. விசாரணை வசந்த காலத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கிளெமென்ட்டின் முகத்தைப் பார்த்து ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்தபடியே வீடு வந்து சேர்ந்தேன். எனக்கு முன்னாலேயே வந்துவிட்ட என் மனைவி வின்னி, மண்வெட்டியோடு வீட்டைச் சுற்றிக் கோடு கீறி முடித்திருந்தாள்.

“அங்கயே நில்லுங்க,” என்றாள். “நீங்க நிக்கிறதுதான் வெளிப்பக்கம்.”