ஒட்டு வாத்தியாரும் சப்பாத்தி மாவும்

அந்தமானிலேயே என் மேலுதட்டைப் பார்த்து வணக்கம் சொன்ன ஒரே மனிதர் ஒட்டு வாத்தியார்தான். சிப்பிகாட் கிராமத்தில் எனக்குப் பக்கத்து வீடு. பள்ளியில் உயிரியல் நடத்தியவர். யாரைக் கண்டாலும் மூக்குக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில்தான் அவர் கண் போகும்.

"நல்லா ஒட்டியிருக்கு சார்!"

முகம் ஒரே துண்டாக வருவதில்லை என்பார். கருவில் நெற்றிப் பக்கமிருந்து ஒன்று இறங்கும், கன்னங்களிலிருந்து இரண்டு வரும், நடுவில் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் ஒரு போலீஸ்காரரின் மீசையை விலக்கி இதை விளக்கப் போய், பாதி வழியில் இறக்கிவிடப்பட்டார்.

எதிர்வீட்டுச் செல்விக்கு உதடும் அண்ணமும் பிளந்த பெண் குழந்தை பிறந்தது. கிரகணத்தன்று ஏழு மாத வயிற்றோடு மீன் வெட்டியதுதான் காரணம் என்று மாமியார் கோமதியம்மாள் தீர்ப்புச் சொன்னார். தாயையும் பிள்ளையையும் கடல் தாண்டி மெயின்லேண்டில் அவள் தாய்வீட்டுக்கே அனுப்பிவிட டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. கிரகணம்தானே காரணம் என்று என்னிடமும் கேட்டார். விவசாயப் பட்டதாரியான நான், வம்பு எதற்கு என்று, "பெரியவங்க சொல்றதுல ஏதாவது இருக்கும்" என்றேன். செல்வி கதவருகில் நின்று கேட்டாள். அது இன்றும் உறுத்துகிறது.

வாத்தியாரோ நேரே அவர்கள் சமையலறைக்குள் போய், பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவை அள்ளிவந்தார். மூன்று உருண்டைகளில் உதடு. ஒரு நாக்கு. அதன் இருபுறமும் இரண்டு பட்டைகள்.

"தேக்கோ அம்மா, இங்க பாருங்க, அண்ணம் மொதல்ல இப்படித் தொங்கும். நாக்கு கீழ எறங்குனாத்தான் ரெண்டும் எழும்பி நடுவுல சேரும். இந்த வீட்லயும் அதேதான்."

"யாரு நாக்கச் சொல்றீக?"

"மாவு நாக்கத்தான். உதடு ஒட்டுறது ரெண்டாம் மாசம். அண்ணம் மூணாம் மாசத்துக்குள்ள. கிரகணம் வந்தது ஏழுல. ரெண்டாம் மாசம் செல்வி எங்க இருந்தா?"

"சென்னையிலருந்து கப்பல்ல வந்துக்கிட்டிருந்தோம். ஒரே வாந்தி. கடல் ஒத்துக்கலன்னு நெனச்சோம்." கோமதியம்மாள் முகம் மலர்ந்தது. "அச்சா! அப்ப கப்பல்தான் காரணம்!"

"அரே, கப்பல்ல வந்தவுக புள்ளைக்கெல்லாம் இப்படியா இருக்கு? யாரும் ஒண்ணும் பண்ணலம்மா. சிலதுக்கு ஒட்டாமப் போயிரும். டாக்டர் தைச்சிருவாங்க."

கோமதியம்மாள் மாவு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனிடம், "டிக்கெட்ட கேன்சல் பண்ணுடா. கடையில போய் பரோட்டா வாங்கிட்டு வா" என்றார்.

தைத்தார்கள். அந்தப் பெண் இப்போது பள்ளிக்குப் போகிறாள், வாய் ஓயாது. அவள் தழும்பைப் பார்த்தும் வாத்தியார் அதையே சொன்னார், "நல்லா ஒட்டியிருக்கு!"

போன மழைக்காலத்தில் அவர் காலமானார். சவரம் செய்யும்போது மூக்குக்குக் கீழே என் கை தானாக மெதுவாகிறது. அந்த இடத்தை நான் ஒழுங்காக மழிக்காவிட்டால், கவனிக்க இப்போது யாரும் இல்லை.